படலையைத் திறந்தவரும் பூட்டியவரும்

நீதி கேட்டு உலகத்தின் வாயில்களைத் தட்டும் இனம் நாம். ஜெனீவாவில் தட்டுகின்றோம். புதுடில்லியில் தட்டுகின்றோம். வல்லரசுகளின் தூதரகங்களில் மகஜரும் கையுமாக நிற்கின்றோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உரிமை இழந்தவன் கேட்கத்தான் வேண்டும். ஆயினும், பிறர் வாயிலைத் தட்டும் ஒவ்வொருவனும் நெஞ்சைத் தொட்டு விடை கூறவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. எம்மிலும் தாழ்த்தப்பட்டவன் எமது படலையைத் தட்டியபோது நாம் யாது செய்தோம்? திறந்தோமா? பூட்டினோமா?

ஒடுக்கப்பட்ட ஓர் இனம், தன்னிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்ன கடமைப்பட்டுள்ளது? இக்கேள்விக்கு வரலாறு இரண்டு விடைகளை ஒரே நாட்டில் எழுதி வைத்திருக்கின்றது. அந்நாடு அமெரிக்கா. அவ்விரண்டையும் முதலிற் படித்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு மீள்வோம்.

புளோரிடாச் சதுப்பு நிலத்திலே

ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களில் விலைப்பட்ட கறுப்பு மக்களுட் பலர், உயிரைப் பணயம் வைத்துத் தப்பியோடினர். தெற்கே புளோரிடா அந்நாளில் ஸ்பானியர் வசம் இருந்தது. ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வந்து கத்தோலிக்க மதத்தைத் தழுவும் அடிமைக்கு விடுதலை உண்டு என்று 1693ஆம் ஆண்டிலேயே ஸ்பானிய மன்னன் ஆணையிட்டான். அது முழுவதும் இரக்கத்தாற் பிறந்த ஆணையன்று. பகைவனான ஆங்கிலேயனின் தோட்டத்தைப் பாழாக்கும் அரசியலும் அதிலே கலந்திருந்தது.

ஆனால், அதே புளோரிடாவிற் செமினோலர் என்னும் பழங்குடி மக்கள் தந்த அடைக்கலம் வேறு வகையானது. செமினோலரிடம் பேரரசு இல்லை, கப்பற்படை இல்லை. வெள்ளையர் நெருக்க நெருக்கத் தெற்கே தள்ளப்பட்டுக்கொண்டிருந்த மக்கள் அவர்கள். அத்தகையோர் தப்பி வந்தவர்களைத் தமது ஊர்களுக்கு அருகே ஊர் அமைக்க விட்டனர். வந்தவர்கள் சோளம் விதைத்தனர், மாடு வளர்த்தனர், துப்பாக்கி தாங்கினர், விளைவில் ஒரு பங்கைச் செமினோலத் தலைவருக்குத் திறையாகக் கொடுத்தனர். செமினோலரைத் தேவரென்று யாம் போற்றவில்லை. அத்தலைவர்களிற் சிலர் அவர்களைத் தம் அடிமைகள் என்றே அழைத்ததுமுண்டு. ஆயினும், சவுக்கின்கீழ் வாழ்ந்த வாழ்வுக்கும் இவ்வாழ்வுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை இருந்தது. இல்லையேல், எதற்காக அத்தனை பேர் முதலைகள் வாழும் சதுப்பைக் கடந்து அங்கே ஓடினர்?

அடைக்கலம் தந்தவர்கள் அதற்குரிய விலையையும் கொடுத்தனர். 1816ஆம் ஆண்டு ஜூலை 27ஆந் திகதி, அப்பலாச்சிக்கோலா ஆற்றங்கரையில் தப்பிவந்தோர் காத்துநின்ற கோட்டையை அமெரிக்கப் பீரங்கிப் படகுகள் தகர்த்தன. உள்ளே இருந்த ஏறத்தாழ 300 பேரிற் பெரும்பாலோர் மடிந்தனர். 1830இல் பழங்குடி மக்களை மேற்கே துரத்தும் சட்டம் நிறைவேறிற்று. 1835இல் தொடங்கி ஏழாண்டுகள் நீடித்த செமினோலப் போரில் ஏறத்தாழ 1,500 அமெரிக்கப் படைவீரர் மாண்டனர். அப்போரை நடத்திய தளபதி ஜெசப், இது இந்தியரோடு செய்யும் போரன்று, கறுப்பரோடு செய்யும் போரே என்று தன் அரசுக்கு எழுதினான். எதிரிக்கே உண்மை விளங்கிவிட்டது.

1837ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்ததை நம்மவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். போரிற் களைத்த செமினோலத் தலைவர்கள், மேற்கே செல்ல இணங்கினர். கறுப்பு மக்களும் தம்மோடு பாதுகாப்பாக வரவேண்டும் என்பதே உடன்படிக்கையின் உயிர்நிலை. அடிமை முதலாளிகள் கொதித்தெழுந்தனர். தப்பியவர்களைத் திருப்பித் தா என்றனர். தளபதி வளைந்து கொடுக்கத் தொடங்கினான். ஜூன் மாதத்தில் ஒசியோலா, அபியாக்கா ஆகிய தலைவர்கள், கப்பலேறக் காத்திருந்த நூற்றுக்கணக்கானோரை முகாமிலிருந்து இரவோடிரவாக அழைத்துச் சென்றனர். போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபரில், சமாதானக் கொடியின்கீழ்ப் பேச வந்த ஒசியோலா வஞ்சகமாகச் சிறைபிடிக்கப்பட்டான். 1838 ஜனவரியிற் சிறையிலேயே இறந்தான்.

அவர்கள் கறுப்பரைக் காட்டிக்கொடுத்துத் தம்மளவிற் பேரம் பேசியிருக்கலாம். பலர் பேசியிருப்பர். இவர்கள் பேசவில்லை.

நாகரிகம் பெற்றோரின் நடத்தை

இனி, இரண்டாவது விடை. செமினோலரின் அயலில் வாழ்ந்தவர் செரோக்கியர். கல்வியிற் சிறந்தவர்கள். தமது மொழிக்கெனத் தாமே எழுத்து அமைத்தவர்கள். 1827இல் தமக்கென ஓர் அரசியல் யாப்பை எழுதியவர்கள். 1828இல் தமது மொழியிற் பத்திரிகை நடத்தியவர்கள். நாகரிகமடைந்த ஐந்து இனத்தாருள் ஒருவர் என்று வெள்ளையராலேயே பட்டஞ் சூட்டப்பட்டவர்கள்.

அந்த நாகரிகத்தின் ஓரங்கமாக அவர்களிற் செல்வர் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். 1838இல் அமெரிக்க அரசு செரோக்கியரை நாட்டைவிட்டுத் துரத்தியது. ஆயிரக்கணக்கானோர் வழியிலே மாண்ட அக்கண்ணீர்ப் பயணத்தில், தம் நிலம் இழந்து, வீடு இழந்து நடந்த செல்வர்கள், தம் அடிமைகளை மட்டும் இழக்க ஒருப்படவில்லை. அடிமைகளையும் உடன் நடத்திச் சென்றனர்! 1842இல் அவர்களுடைய தோட்டங்களிலிருந்து இருபதுக்கு மேற்பட்டோர் மெக்சிக்கோவை நோக்கித் தப்பியோடியபோது, செரோக்கிய அரசு ஆயுதம் தாங்கிய படையை ஏவிப் பிடித்து வந்தது. துரத்தப்பட்டவன் துரத்தினான்.

1866ஆம் ஆண்டின் உடன்படிக்கை, விடுதலை பெற்ற அடிமைகளுக்குச் செரோக்கியக் குடிகளுக்குரிய உரிமை அனைத்தும் உண்டு என்றது. அவ்வுரிமை பின்னர் மறுக்கப்பட்டு, வழக்காகி, 2017இல்தான் நீதிமன்றத் தீர்ப்பால் மீண்டும் உறுதியாயிற்று. இடையே ஓடிய ஆண்டுகள் 151.

படித்த இனம்; பத்திரிகை நடத்திய இனம்; தனக்கெனச் சட்டம் உடைய இனம்; அந்நியனால் வஞ்சிக்கப்பட்ட இனம்; அவ்வஞ்சனைக்கு நடுவிலும் தன்கீழ் இருந்தவனை விட மனமில்லாத இனம். வாசகர்களே, இந்தக் கண்ணாடியிலே தெரியும் முகம் யாருடையது?

நான்கு பெயர் கொண்ட சட்டம்

தேசவழமை என்பது எமது தனிச்சட்டம். காணி, சீதனம், முதுசம் ஆகியவற்றில் இன்றும் உயிரோடிருக்கும் சட்டம். ஒல்லாந்த ஆளுநர் சீமோன்ஸின் ஆணைப்படி, யாழ்ப்பாணத் திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அதனைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து, நாட்டு வழக்கம் இதுவே என்று சான்று பகர்ந்தனர். அச்சட்டத்தில் அடிமைகளுக்கென ஒரு பகுதி உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என நான்கு பெயர்கள் அங்கே உள. காணியும் மாடும் நகையும் போல, மனிதனும் சீதன உறுதியில் எழுதப்படும் பொருளாய் இருந்தான்.

“அது அமெரிக்க அடிமை முறை போன்றதன்று, அவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வாழ்ந்தார்கள்” என்று கூறுவோர் இன்றும் உளர். அவர்களை ஒன்று கேட்கின்றோம். வீட்டுப் பிள்ளையை எந்த வீட்டில் உறுதி எழுதி விற்றார்கள்? எந்தத் தந்தை தன் பிள்ளையை இன்னொரு பிள்ளையின் சீதனத்திற் சேர்த்தான்?

“அது ஒல்லாந்தன் செய்த கொடுமை” என்பாரும் உளர். ஒல்லாந்தன் குற்றவாளியே. தஞ்சாவூர்ச் சீமையிற் போரும் பஞ்சமும் வந்த காலமெல்லாம் அவனுக்கு அறுவடைக் காலமாயிற்று. 1694 முதல் 1696 வரையான இரண்டே ஆண்டுகளில் 3,500க்கு மேற்பட்டோர் எதிர்க்கரையிலிருந்து அடிமைகளாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆனால், விற்றவன் ஒருவனாயின் வாங்கியவன் யார்? பசியால் மெலிந்து தோணியேறி வந்தவன் தமிழன். அவனைத் தோட்டத்தில் இறக்கித் துலாவில் ஏற்றியவனும் தமிழனே.

தப்பியோட நினைத்தவன் எங்கே ஓடுவான்? குடாநாட்டைச் சுற்றிலும் கடல். வன்னிக்குச் செல்லும் தரைவழியிலே ஆனையிறவு முதலான கடவைகளில் ஒல்லாந்தனின் காவற்கோட்டைகள். புளோரிடாச் சதுப்பைப் போன்ற மறைவிடம் எமது செம்மண்ணில் இல்லை. இயற்கை தராத அடைக்கலத்தை மனிதர்தான் தந்திருத்தல் வேண்டும். தந்த வீடுகள் எத்தனை? அப்படி ஒரு வீட்டின் பெயரை எமது பாடப் புத்தகம் எதிலேனும் படித்தோமா?

விடுதலையும் எம் கையாற் கொடுக்கப்படவில்லை. 1816இல் பிரதம நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரனின் முயற்சியால், கொழும்பிலே அடிமை வைத்திருந்தோர், அவ்வாண்டு ஓகஸ்ட் 12க்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என ஒப்பினர். 1818இல் யாழ்ப்பாணத்து அடிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1821இல் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே விலை கொடுத்து மீட்கும் ஒழுங்கு வந்தது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் இலங்கையை விலக்கி வைத்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இத்தீவில் அடிமை முறையை முற்றாக ஒழித்தது. அன்று விடுதலை பெற்றவனுக்கு அச்சட்டம் ஒரு பரப்புக் காணியும் கொடுக்கவில்லை. அடிமை என்ற பெயர் போயிற்று. குடியிருக்கும் நிலம் முன்னைய எசமானுடையதாகவே இருந்தது. நிலம் யாருடையதோ, அவன் சொல்லே சட்டமாயிற்று.

வாயிலில் நின்றவர் யார்?

இந்த நூற்றாண்டுகளில் திறந்த கைகளே இருக்கவில்லை என்று கூறுதல் நன்றியின்மையாகும். 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், முழு விடுதலையையும் தீண்டாமை ஒழிப்பையும் ஒரே மூச்சிற் பேசிற்று. அந்த இளைஞர்கள் 1927இல் காந்தியடிகளை இம்மண்ணுக்கு அழைத்தனர். பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கவேண்டும் என்று வாதிட்டனர். அதே காலத்தில், எமது மூத்த தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன், எல்லார்க்கும் வாக்குரிமை என்பதையே எதிர்த்து நின்றார். அறிவிலும் ஆற்றலிலும் அவருக்கு நிகர் சிலரே. அதனாலன்றோ அவர் பிழை எமது பிழையாயிற்று.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க்கடையிலே சிரட்டையும் தகரப்பேணியும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தைப் பொலிசார் தடியால் அடித்தனர். ஊர்வலம் நிற்கவில்லை. அதன் பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் எழுந்தது. உரிமையை ஒடுக்கப்பட்டவர்கள் தாமே போராடிப் பெற்றார்கள். உயர்ந்தோர் எனப்பட்ட குலங்களிற் பிறந்த சிலர் அவர்களோடு தோள் கொடுத்து, உற்றாரின் வசையையும் ஊரின் பகையையும் ஏற்றனர். அந்தச் சிலரே எமது செமினோலர்.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசம் வேண்டிச் சத்தியாக்கிரகம் நடந்தது. உள்ளே விடமாட்டோம் என்று வாயிலில் நின்று தடுத்தோரின் தலைவர் யார்? பேராசிரியர் சி. சுந்தரலிங்கம். கணித மேதை, முன்னாள் அமைச்சர், தமிழருக்குத் தனிநாடு வேண்டுமென்று மற்றையோர் துணியுமுன்பே முழங்கியவர். சிங்களவன் எமக்குச் சமத்துவம் தரவில்லை என்று நாடு கேட்டவர், முருகன் சந்நிதியில் தமிழனுக்குத் தமிழன் சமமில்லை என்று வாயிலை மறித்தார். 1957ஆம் ஆண்டின் சட்டப்படி நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஒருவரை இகழ்வதற்காக இதனைக் கூறவில்லை. அன்று அவர் தனியே நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவர்களும், வீட்டிலிருந்து மௌனமாய் ஆமோதித்தவர்களும் எத்தனை பேர் என்பதை அவ்வூர்கள் அறியும்.

அடுத்து வன்னியைப் பாருங்கள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்ட மலையகத் தமிழர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் அடைக்கலம் தேடி வந்தனர். அடிமை முறை ஒழிந்த காலத்திலே, கோப்பித் தோட்டத்துக்கும் பின்பு தேயிலைத் தோட்டத்துக்கும் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்டோரின் பிள்ளைகள் அவர்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்கள். காந்தியம் என்ற அமைப்பை நடத்திய கட்டடக்கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டனர். அக்குற்றத்துக்காகவே சிறை புகுந்தனர். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். படலையைத் திறந்தவன் கொடுத்த விலை அது. அந்தத் தியாகத்தை மேடையில் நினைவுகூரும் நாம், வந்தவர்களை எப்படி நடத்தினோம்? மலிந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்று மகிழ்ந்தோர் எத்தனை பேர்! வயலுக்கு அவன் கை வேண்டும். காணி உறுதியில் அவன் பெயர் வேண்டாம். “தோட்டக்காட்டான்” என்ற சொல் எவன் வாயிற் பிறந்தது? சிங்களவன் வாயிலா?

இன்றைய படலை

இவையெல்லாம் பழங்கதை என்று பத்திரிகையை மடிக்க எண்ணும் அன்பரே, சற்றுப் பொறும். 2018ஆம் ஆண்டிலே, தென்மராட்சியில் ஓர் ஆலயத்தின் தேரை மண் வெட்டும் இயந்திரம் பூட்டி இழுத்த காட்சியை உலகமே படத்தில் பார்த்தது. ஒடுக்கப்பட்டவனின் கை வடத்திற் படுவதிலும் இரும்பு இயந்திரத்தின் கை படுதல் புனிதமாம்! அம்பாளுக்கு அடுக்குமா இது?

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். போர் முடிந்து, இராணுவம் பிடித்து வைத்த காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோது, உறுதி உள்ளவர்கள் உறுதியைக் காட்டித் தம் வளவுக்கு மீண்டனர். உறுதியே இல்லாதவன் எதனைக் காட்டுவான்? மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களிற் கால் நூற்றாண்டுக்கு மேல் பிள்ளை பெற்றுப் பேரன் கண்டவர்களுள், காணியற்றோர் எந்தச் சமூகத்தினர் என்பதைக் கேட்டுப் பாருங்கள். 1844இல் நிலமின்றி விடுவிக்கப்பட்டவனின் வழித்தோன்றல்களே அங்கே பெருந்தொகையினர். 1844இன் கணக்கு இன்னும் தீரவில்லை.

எமது ஊர்களிலே பூட்டிய வீடுகளும் பற்றை பிடித்த வளவுகளும் நிறைந்து கிடக்கின்றன. சொந்தக்காரர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். விற்கவும் ஆயத்தமாயிருக்கின்றனர். வாங்குபவன் இன்னான் என்று தெரிந்தவுடன் வேலிக்கு வேலி பேச்சு எழுகின்றது. தொலைபேசி கடல் கடக்கின்றது. விலை திடீரென்று ஏறுகின்றது. அல்லது காணி விற்பனைக்கில்லை என்ற மறுமொழி வருகின்றது. இதற்கு எந்த இராணுவத்தின் துப்பாக்கி காரணம்? எந்தச் சட்டம் எம்மைக் கட்டாயப்படுத்திற்று?

“இனத்துக்கே ஆபத்து வந்த வேளையில் இந்தப் புண்ணைக் கிளறினால் எதிரிக்கன்றோ வாய்ப்பு?” என்பர் சிலர். அன்பரே, எதிரிக்கு வாய்ப்பைத் தருவது புண்ணா, புண்ணைக் காட்டும் விரலா? செமினோலரும் கறுப்பரும் ஒன்றாய் நின்றமையால் ஒரு வல்லரசு ஏழாண்டு திணறிற்று. அவர்களைப் பிரிப்பதே தளபதியின் முதல் வேலையாய் இருந்தது. எம்மைப் பிரிக்க அந்நியத் தளபதி வேண்டியதில்லை. அவ்வேலையை நாமே செய்து முடித்திருக்கின்றோம். “தமிழர்” என்று நாம் எழுதும்போது அச்சொல்லினுள் யார் யார் அடங்குவர் என்பதை முதலில் நாம் தீர்மானித்தாக வேண்டும். முகாமில் இருப்பவன் வாக்கெடுப்பில் தமிழன், காணி உறுதியில் வேற்றான் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆதலின், கமக்காரப் பெருமக்களைக் கேட்கின்றோம். உம் காணிக்கு ஆள் வரும்போது விலையைக் கேளும், குலத்தைக் கேளாதீர். அயலவன் விற்க முனையும்போது வேலிக்கு மேலால் தடுக்காதீர். அப்புக்காத்துமாரையும் நொத்தாரிசுமாரையும் கேட்கின்றோம். காணியற்றோரின் உரிமைக்காகக் கட்டணமின்றி ஒரு வழக்கேனும் பேசுங்கள். ஓர் உறுதியேனும் எழுதுங்கள். ஆசிரியர்களைக் கேட்கின்றோம். தேசவழமையின் அந்தப் பகுதியையும் 1844ஐயும் 1968ஐயும் பிள்ளைகளுக்கு மறைக்காமற் கற்பியுங்கள். ஆலய தர்மகர்த்தாக்களைக் கேட்கின்றோம். வடம் எல்லார் கைக்கும் பொது என்று அடுத்த கொடியேற்றத்துக்கு முன் எழுதி ஒட்டுங்கள். புலம்பெயர்ந்தோரைக் கேட்கின்றோம். கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு இரண்டு பரப்புக் காணி வாங்கி, இல்லாதவன் பெயரில் உறுதி முடித்துக் கொடுங்கள்.

புளோரிடாவிலிருந்து மேற்கே துரத்தப்பட்ட பின்பும், செமினோலத் தலைவன் கோவாக்கூச்சியும் கறுப்பர் தலைவன் ஜோன் ஹோர்ஸும் 1849இல் தம் மக்களை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு, அடிமை முறையை 1829இலேயே ஒழித்துவிட்ட மெக்சிக்கோவை நோக்கிப் புறப்பட்டனர். அங்கே நசிமியெந்தோ என்ற ஊரில் அவ்வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். நிலமிழந்த இரு மக்களைத் தோழமை காப்பாற்றிற்று. செரோக்கியரோ தம் குடிகளைக் குடிகளென்று ஏற்பதற்கு 151 ஆண்டுகள் வழக்காடினர்.

1844இலிருந்து நாம் 180 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டோம். இன்னும் எத்தனை ஆண்டுகள் வழக்காடப் போகின்றோம்? ஜெனீவாவின் கதவு திறக்கும் நாள் எம் கையில் இல்லை. எமது படலையின் திறப்பு எமது மடியிலேயே இருக்கின்றது.